டின்னின் விலையும் கரண்டியின் கணக்கும்



சென்ற வாரம் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலின் முகப்பில் காலணிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஓர் இளம் தகப்பனார் என் அருகில் வந்து நின்றார். குழந்தை பிறந்து மூன்று வாரங்கள்தாம் ஆகின்றன. ஸலாம் கூறிவிட்டு, பிறர் காதில் விழாதவாறு குரலைத் தாழ்த்தி, "ஹஜ்ரத், சூப்பர்மார்க்கெட் தன்னோட பேர்ல விக்கிற பால்மாவு இருக்கே, அதைப் பிள்ளைக்குக் கொடுத்தா தப்பில்லையே?" என்று கேட்டார். மார்க்கச் சட்டம் கேட்பவரின் குரலாக அது எனக்குத் தோன்றவில்லை. ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவரின் குரலாக இருந்தது.

அந்தக் குரலை நான் அறிவேன். இரண்டாண்டுகளுக்கு முன் அதே தாழ்ந்த குரலில் நானும் பேசியிருக்கிறேன். அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்ததை எழுத என் மனைவி அனுமதி தந்துவிட்டார். "என் பேரை மட்டும் போடாதீங்க மச்சான்" என்பதே அவரது ஒரே நிபந்தனை.

எங்கள் மூன்றாவது பிள்ளை 2023ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் பிறந்தாள். மூத்தவனுக்கும் இவளுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். மகப்பேற்றின்போது என் மனைவிக்கு இரத்தப்போக்கு மிகுந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் மீண்டது. ஆனால் உடல் மிகவும் தளர்ந்திருந்தது; தாய்ப்பாலும் போதிய அளவில் ஊறவில்லை. முதலிரு பிள்ளைகளுக்கும் இரண்டாண்டுகள் நிறைவாகப் பாலூட்டியவர் அவர். இவளுக்கு ஊட்ட முடியாத வேதனை அவரை எவ்வளவு வாட்டியது என்பதை நான் அப்போது உணரவில்லை. தாய்ப்பாலை இயன்றவரை கொடுங்கள், குறைவதைப் புட்டிப்பாலால் ஈடு செய்யுங்கள் என்று மருத்துவச்சி கூறினார். மருத்துவமனையில் கையில் கொடுத்த சிறு புட்டிகள் எல்லாரும் அறிந்த ஒரு நிறுவனத்தினுடையவை. மருத்துவமனையே கொடுக்கிறதென்றால் அதுதானே சிறந்ததாக இருக்கும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அது தேர்ந்தெடுக்கப்பட்ட சிபாரிசா, அன்று அலமாரியில் இருந்த புட்டியா என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதே நிறுவனத்தின் 800 கிராம் டின்னை வாங்கினேன். ஏறத்தாழ பதினான்கரை பவுண்ட். அதே அலமாரியின் கீழ்த்தட்டில், அந்தக் கடை தன் சொந்தப் பெயரில் விற்கும் டின் ஒன்பது பவுண்டுக்குச் சற்று முன்பின்னாக இருந்தது. குனிந்து பார்த்தேன். உடனே நிமிர்ந்துகொண்டேன். என் பிள்ளைக்கு மலிவானதா என்ற எண்ணம் ஒருபுறம். குழந்தை பார்க்க வருகிறவர்கள் சமையலறை மேடையில் எந்த டின் இருக்கிறதென்று பார்ப்பார்களே என்ற எண்ணம் மறுபுறம். இரண்டாவது எண்ணமே வலிமையானது என்பதை இன்று மறைக்க விரும்பவில்லை.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. நான் கீழக்கரையில் வளர்ந்தவன். என் சிறு பிராயத்தில் சபுராளிகள் ஊர் திரும்பும்போது பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும் பொருட்களில் பால்மாவு டின்னுக்குத் தனி மதிப்பு. மாவு தீர்ந்த பின்னும் டின் வெளியே போகாது. அதில் சீனி இருக்கும், பருப்பு இருக்கும். எழுத்து தெரியும்படி வெளிப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். யார் வீட்டு மாப்பிள்ளை எங்கே சம்பாதிக்கிறார் என்பதை அந்த டின்களே சொல்லிவிடும். கிழக்கு லண்டனுக்கு வந்து பல ஆண்டுகள் கடந்தும் என் கண் அந்த டின்னைத்தான் தேடியது போலும்.

மாலையில் மத்ரஸா, பகலில் ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை. கிடங்கின் ஊதியம் வெள்ளிக்கிழமைதோறும் வரும். அந்த ஊதியத்தில் முதல் செலவாக டின்னை வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, "மகளுக்கு மேலானதுதான் வாங்கியிருக்கேன்" என்று சொல்வேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். பிள்ளையின் உணவில் கஞ்சத்தனம் காட்டாத தகப்பன் நான்.

பதினோராவது வாரத்தில் குழந்தையை எடை பார்க்க அழைத்துச் சென்றோம். இந்நாட்டில் குழந்தை பிறந்தவுடன் ஒரு சிவப்புப் புத்தகம் தருவார்கள். எடையை அதிலுள்ள வளைகோட்டுப் படத்தில் குறிப்பார்கள். எங்கள் மகள் பிறந்தபோது எந்தக் கோட்டில் இருந்தாளோ அதை விட்டுக் கீழிறங்கி, அடுத்த கோட்டையும் தாண்டியிருந்தாள். ஹெல்த் விசிட்டரான அம்மையார் முகத்தில் பதற்றம் காட்டவில்லை. பாலை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். என் மனைவி தரையைப் பார்த்தார். நான் அவருக்காக முந்திக்கொண்டு, "எல்லாம் சரியாகத்தான் கலக்குகிறோம்" என்றேன். நான் ஒருநாளும் கலக்கியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் அழுதார். பிறகுதான் சொன்னார்.

முப்பது மில்லிலிட்டர் நீருக்கு ஒரு கரண்டி மாவு. 180 மில்லிலிட்டர் புட்டிக்கு ஆறு கரண்டி. நாளைக்கு ஐந்து புட்டி, ஆக முப்பது கரண்டி. ஒரு டின்னில் ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து கரண்டி இருக்கும். ஆறாம் நாள் டின் காலியாகிவிடும். ஊதியமோ ஏழு நாளுக்கு ஒருமுறைதான். புட்டிக்கு ஆறுக்குப் பதில் ஐந்து கரண்டி போட்டால் டின் சரியாக ஏழு நாள் வருகிறது. கணக்குத் தெரிந்த பெண். யாரிடமும் சொல்லாமல் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். "நீங்க அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வர்றீங்க. வியாழக்கிழமையே தீர்ந்து போச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் மத்ரஸாவில் எத்தனையோ ஆண்டுகளாகச் சூரத்துல் பகராவின் 233ஆவது வசனத்தை விளக்கி வருகிறேன். தாய் தன் பிள்ளையின் பொருட்டு இன்னலுக்குள்ளாக்கப்படக் கூடாது, தந்தையும் அவ்வாறே; பால்குடியை நிறுத்துவதுகூட இருவரும் மனமொத்து, ஆலோசனை செய்து முடிவெடுக்க வேண்டிய காரியம் என்று அந்த வசனம் நமக்குக் கற்பிக்கிறது. 'தஷாவுர்' என்ற சொல்லுக்குக் கரும்பலகையில் பொருள் எழுதிக் காட்டியவன் நான். என் வீட்டில் ஒரு டின்னைப் பற்றி ஆலோசனை நடக்கவில்லை. நான் அறிவித்தேன், அவர் சமாளித்தார், பிள்ளை பசித்திருந்தாள்.

மறுநாள் அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதைச் சொன்னோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. இது அவர் அடிக்கடி கேட்கும் செய்தியாம். மாவு குறைந்தால் சத்து குறைவதோடு முடிவதில்லை. நீர் மிகும்போது குழந்தையின் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரைக்கும் போகக்கூடும் என்றார். கூடுதலாகப் போட்டாலும் தீங்குதான். உடலில் நீர் வற்றும், மலம் கட்டும். இறுதியாக, "ஏன் விலை கூடியதையே வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

பிறந்த குழந்தைக்குரிய முதல் பால்மாவு எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் அதன் உள்ளடக்கத்தைச் சட்டமே வரையறுக்கிறது என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தேன். எந்த நிறுவனத்துடையது, என்ன விலை என்பது பொருட்டல்ல, எல்லாமே குழந்தையின் தேவையை நிறைவு செய்யும் என்பதுதான் என்.எச்.எஸ். பெற்றோருக்குத் தரும் அறிவுரையும். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏட்டைப் புரட்டிப் பார்த்தே பழகியவன் ஆயிற்றே. அன்றிரவு கடையின் சொந்த டின்னையும் ஒன்று வாங்கி வந்து, இரண்டையும் மேசையில் வைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டேன். 100 மில்லிலிட்டர் பாலில் ஆற்றல் 60 முதல் 70 கிலோ கலோரிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டும் அதற்குள் இருந்தன. புரதம், இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு, இரண்டும் அவற்றுக்குள்தான். மூளைக்கும் கண்ணுக்கும் நல்லதென்று பேசப்படும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு விலை கூடிய டின்னில் மட்டும் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். 2020 பிப்ரவரி முதல் அது எல்லா முதல் பால்மாவிலும் கட்டாயமாம். விலை கூடிய டின்னில் சில கூடுதல் பொருட்களின் பெயர்கள் இருந்தன. அவை கட்டாயமாகத் தேவையென்றால் சட்டமே அவற்றையும் கட்டாயமாக்கியிருக்கும் அல்லவா?

எங்கள் மத்ரஸாவின் அலமாரியில் பொன்விளிம்பிட்ட தோல் அட்டைக் குர்ஆன் பிரதியும் உண்டு, சாதாரண அட்டைப் பிரதியும் உண்டு. எந்தப் பிரதியில் ஓதினாலும் ஓர் எழுத்து கூடுவதில்லை, குறைவதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன், டின்னின் அட்டையில் மயங்கி நின்றேன்.

அடுத்து எழுந்தது ஹலால் பற்றிய கேள்வி. உண்மையில் இதுவே நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது. பால்மாவில் இருவகைப் பொருட்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று மீனெண்ணெய், அதில் நமக்குத் தடையேதும் இல்லை. மற்றொன்று, பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிந்துவரும் மோர்ப்புரதம். பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைப் பயன்படுத்துவதுண்டு. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் உறைபொருள் விஷயத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து இளகியது. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து கடுமையானது. ஆகவே அந்தக் கடையின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். சில நாட்களில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்தது. என் மனம் அமைதி கொண்டது. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தயாரிப்பு முறை மாறக்கூடியது. நீங்கள் வாங்கும் டின்னைப் பற்றி நீங்களே கேட்டறிவதுதான் பேணுதல். இதில் நான் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு: விலை கூடிய டின்னைப் பதினோரு வாரங்கள் வாங்கியபோது இந்தக் கேள்வி என் மனத்தில் எழவே இல்லை. மலிவான டின்னைக் கண்டதும்தான் என் பேணுதல் விழித்துக்கொண்டது.

(பால் பற்றிய சட்டம் என்றவுடன் ஒரு மாணவன் கேட்டது நினைவுக்கு வருகிறது. "உஸ்தாத், நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே டின்னிலே குடிச்சோமாம். நாங்க பால்குடி உறவா?" இல்லை மகனே, அந்த உறவு பெண்ணின் பாலுக்கு உரியது, பசுவின் பாலுக்கு அல்ல என்றேன். அப்படியானால் கிழக்கு லண்டன் முழுவதும் ஒரே குடும்பமாகியிருக்கும்.)

டின்னை மாற்றினோம். ஆனால் மாற்றிய விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். புதிய டின்னின் மாவைப் பழைய, விலை கூடிய டின்னில் கொட்டி வைத்தேன். ஆம், நான்தான். விருந்தினர் கண்ணுக்காக. இரண்டு நாள் கழிந்திருக்கும். என் மனைவி இரு கரண்டிகளையும் கையில் ஏந்தியபடி வந்து, "மச்சான், இந்தக் கரண்டி அந்த மாவுக்கு உள்ளது இல்லை. ரெண்டும் ஒரே அளவு இல்லை பாருங்க" என்றார். ஒவ்வொரு நிறுவனத்தின் கரண்டியும் அதனதன் மாவுக்கென்றே அளந்து செய்யப்படுவது. பழைய டின்னோடு பழைய கரண்டியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கரண்டிக் கணக்கில் ஒருமுறை பட்டும் என் பெருமை இரண்டாம் முறையும் பிள்ளையின் புட்டிக்குள் கையை விட்டிருக்கிறது. அன்றே அந்தப் பழைய டின்னைக் குப்பையில் போட்டோம்.

முதல் சில நாட்கள் மகளுக்கு வயிறு சற்று உப்பியது, இரவில் சிணுங்கினாள். மலிவுப் பாலின் வேலை என்று நான் ஒருமுறை வாய் திறந்தேன். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பிறகு அதுவும் சரியாகிவிட்டது. ஊரிலிருந்து என் உம்மா தொலைபேசியில், "ஏன் வாப்பா, புள்ளை பால்ல போய்க் காசு பார்த்தியா?" என்று கேட்டார்கள். நடந்ததை முழுவதும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துல பால் பத்தலேன்னா அடுத்த வீட்டு லாத்தா வாங்கிப் போட்டுக் கொடுப்பா. யாரும் வெட்கப்படலை" என்றார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கே அன்னை ஹலீமா (ரலி) அவர்கள் பாலூட்டினார்கள் என்பதை உம்மா வேறு நினைவூட்டினார்கள். இதை என் மனைவியிடம் சொன்னபோதுதான், அந்தச் சில மாதங்களில் முதல் முறையாக அவர் முகம் தெளிந்தது.

ஒரு மாதத்தில் எடைக்கோடு மேலேறியது. இதைக் கடை டின்னின் மகிமை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஆறு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஆறு கரண்டி போட்டதன் பலன் அது. விலை குறைந்ததனால் ஆறு கரண்டி போட முடிந்தது.

2025 பிப்ரவரியில் இந்நாட்டின் போட்டி மற்றும் சந்தை ஆணையம், பால்மாவுச் சந்தையைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. என் மடமையை அதில் பக்கம் பக்கமாகக் கண்டேன். தளர்ந்திருக்கும் நேரத்தில் பெற்றோர் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். விலை கூடியது தரம் கூடியதாக இருக்கும் என்று கருதுகிறார்கள். மருத்துவமனையில் முதலில் கண்ட பெயரையே பற்றிக்கொள்கிறார்கள். பெயர்பெற்ற டின்னிலிருந்து விலை குறைந்த டின்னுக்கு மாறினால் முதல் ஆண்டில் ஏறத்தாழ 300 பவுண்ட் மிச்சமாகும் என்கிறது அந்த அறிக்கை. முதல் பால்மாவை விளம்பரம் செய்வதற்கு இங்கே தடை இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுப்பதென்று விற்கப்படும் 'ஃபாலோ ஆன்' பாலுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அதே நிறம், அதே சின்னம் கொண்ட அதன் விளம்பரம் எங்கும் கண்ணில் படுகிறது. ஆறாம் மாதத்தில் அதிலும் விழ இருந்தேன். அது தேவையே இல்லை, ஒரு வயது வரை முதல் பால்மாவே போதும், ஒரு வயதுக்குப் பிறகு சாதாரணக் கொழுப்பு நீக்காத பசும்பால் கொடுக்கலாம் என்று என் மனைவி கேட்டறிந்து வந்தார். இப்போதெல்லாம் அவர் கேட்டறிந்து வருகிறார். நான் வாங்கி வருகிறேன்.

அந்த இளம் தகப்பனாரிடம் சில எச்சரிக்கைகளையும் சொன்னேன். டின்னில் மிச்சம் பிடியுங்கள், கரண்டியில் பிடிக்காதீர்கள். பிள்ளை மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள். பிறர் திறந்து பாதி பயன்படுத்திய டின்னை, இலவசமாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். பால்மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல. ஆகையால் கொதிக்க வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத நீரில், அதாவது 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுங்கள். குறைமாதக் குழந்தைக்கோ ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ மருத்துவர் எழுதித் தந்த தனிப்பால் இருந்தால், அதை விலை பார்த்து நீங்களாக மாற்றக் கூடாது. தாய்ப்பால் சிறிதளவு வந்தாலும் அதை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். நல்ல பிள்ளை. பிறகு சற்றுத் தயங்கி, "மாமியார் அடுத்த மாசம் ஊர்லேருந்து வர்றாங்க ஹஜ்ரத். டின்னைப் பார்த்தா என்ன நினைப்பாங்களோ" என்றார்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்பதால் தேநீர் அருந்த அழைத்து வந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து தேநீரையும் சீனியையும் அனுப்பினார். சீனி, கடைப் பெயர் போட்ட அந்தப் பழைய பால்மாவு டின்னில் இருந்தது. எழுத்து தெரியும்படி வெளிப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கரண்டி சீனி போட்டுக்கொண்டார்.